தட்டுச் சத்தம்

முன்னொரு கோடையில், ஊர் முடிந்து குளம் தொடங்குகிற இடத்தில் ஒரு வீடு இருந்தது. அதன் முன்வாசல் ஊரைப் பார்த்திருக்கும். புறவாசல் குளத்தைப் பார்த்திருக்கும். அந்த வீட்டுத் தங்கையா பல காலம் பேருந்து ஓட்டியவர். ஒருநாள் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறிப்போயிற்று. கொஞ்ச நாள் ஆட்கள் வந்து விசாரித்தார்கள். பிறகு முன்வாசல் வழியாக யாரும் வருவது நின்றுபோயிற்று. அதன் பிறகுதான் புறவாசல் வழியாக விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள்.

முதல் விருந்தாளி அணில். அது எப்போதும் அங்கேயே பூவரச மரத்தில் குடியிருந்ததுதான். ஆனாலும் தன்னை விருந்தாளி என்றே சொல்லிக்கொண்டது. அடுத்து ஒரு கீரி வந்தது. மைனாக்கள் வந்தன. குளத்துத் தண்ணீர் சுருங்கிச் சேறு தெரியத் தொடங்கியதும், சீழ்க்கை அடித்துக்கொண்டே சிறகிகள் கூட்டமாக வந்து இறங்கின. சிறகி என்பது காட்டு வாத்துகளிலே சின்ன வகை. மரத்திலும் உட்காரும், தண்ணீரிலும் மிதக்கும்.

தங்கையாவின் மனைவி புஷ்பம், தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீரை அவற்றுக்காகவே ஒரு பள்ளத்தில் தேங்க விட்டாள். காலையில் அலுமினியத் தட்டு நிறையக் குருணையோடு வருவாள். அகப்பைக் காம்பால் தட்டின் விளிம்பில் டங் டங் என்று தட்டுவாள். பிறகு கையை வீசி நாலாபக்கமும் இறைப்பாள். பின்கட்டு நிழலில் நாற்காலி போட்டுத் தங்கையா உட்கார்ந்திருப்பார். அவருக்கு அந்த நேரம்தான் நாள். மற்ற நேரமெல்லாம் அந்த நேரத்துக்காகக் காத்திருப்பது.

சிறகிகள் எல்லாம் தின்றன. கோரை என்ற சிறகி மட்டும் தின்னவில்லை.

கோரைக்கு இடது காலில் ஒரு விரல் கிடையாது. வேறொரு குளத்தில், கரையோரம் இறைந்து கிடந்த நெல்லை நம்பி இறங்கியபோது கண்ணியில் விட்டுவிட்டு வந்த விரல் அது. விரலை விட்டது கோரை ஒன்றுதான். கூட இறங்கிய மற்றவை உயிரை விட்டன. அன்றிலிருந்து அது எதைக் கண்டாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: "இதற்குக் கீழே என்ன இருக்கிறது?"

"குருணைக்குக் கீழே மண் இருக்கிறது" என்றது அணில், இரண்டு கையாலும் கொறித்துக்கொண்டே. "மண்ணுக்குக் கீழே பூவரச வேர் இருக்கிறது. நானே தோண்டிப் பார்த்திருக்கிறேன். போதுமா?"

"மனிதர்கள் சும்மா கொடுப்பார்களா?"

"கொடுக்கிறார்களே, கண்ணால் பார்க்கவில்லையா?"

"அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்றது கோரை.

கல் இடுக்கில் படுத்திருந்த கீரி ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "இந்தம்மா போடுவது எனக்கு வேண்டியதில்லை. நான் எலிக்காக வருகிறேன். ஆனாலும் ஒன்று சொல்கிறேன் கேள். எதிரியை எனக்கு மோப்பத்தில் தெரியும். இந்த வீட்டில் அந்த வாடை இல்லை."

"அந்த ஆள்?" கோரை நாற்காலியைப் பார்த்தது. "அசையாமல் உட்கார்ந்திருக்கிறானே! கொக்கு அப்படி நிற்கும்போது மீன்கள் என்ன நினைத்துக்கொள்ளும் தெரியுமா? யாரோ ஒரு நல்லவர் தண்ணீரை ரசிக்கிறார் என்றுதான் நினைக்கும்."

கோரையின் ஜோடி சம்பு நிறைந்த வயிற்றோடு பள்ளத்தில் மிதந்துகொண்டிருந்தது. "உன்னோடு வாழ்ந்தால் தண்ணீரைக் குடிப்பதற்கும் நாள் பார்க்க வேண்டும்" என்றது. கூட்டம் சிரித்தது. எல்லாவற்றிலும் இளையதான அல்லி மட்டும் சிரிக்காமல் வாயில் இருந்த குருணையை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு விழுங்கியது.

கோரை வேவு பார்த்தது. ஒருநாள் பின்கட்டு ஜன்னலுக்கு மேலே நீண்டிருந்த பூவரசக் கிளையில் இலையோடு இலையாக உட்கார்ந்துகொண்டது. உள்ளே புஷ்பம் கணவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியளா, வந்த புதுசுல எலும்பும் தோலுமாக் கெடந்ததுவ. இப்ப என்னமாக் கொழுத்துப் போச்சு!"

தங்கையா சோற்றை மென்றபடி தலையாட்டினார். "நல்ல... கொழுப்பு."

"ஞாயித்துக்கிழமை எந் தம்பி குடும்பத்தோட வாறான். அவம் பிள்ளைகளுக்கு இதுன்னா உசுரு. ஒண்ணும் மிச்சம் வைக்காம எல்லாத்தையும் காட்டிரணும்."

அதற்கு மேல் கோரைக்குக் காது கேட்கவில்லை. பறந்து போய்க் கூட்டத்தின் நடுவே விழுந்தது.

"ஞாயிற்றுக்கிழமை! கொழுத்துவிட்டோமாம்! ஒன்றும் மிச்சம் வைக்க மாட்டார்களாம்!"

மைனாக்கள்கூட வாயை மூடிக்கொண்டன. புஷ்பம் அரிவாள்மணையோடு வெளியே வந்து தொட்டியடியில் உட்கார்ந்தபோது, கூட்டம் முழுக்கக் கழுத்தை நீட்டிக்கொண்டு அவள் கையையே பார்த்தது. அவள் முருங்கைக்காயை நறுக்கினாள். தோலை வாழையடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

"பழகிப் பார்க்கிறாள்" என்றது கோரை.

"முருங்கைக்காயிலா?" என்றது கீரி.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. கோரை கெஞ்சியது, அதட்டியது, வழியில் நின்று இறக்கையை விரித்து மறித்தது. கூட்டம் நிற்கவில்லை. பசி ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம். டங் டங் என்று கேட்டதும் எல்லாம் எழும்பிவிட்டன. கோரை மரத்தின் உச்சியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. திறந்தபோது, பிள்ளைகள் பின்கட்டில் வரிசையாகக் குந்தி, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சத்தம் போடாதிய, பயந்துரும்" என்று புஷ்பம் அவர்களை அடக்கிக்கொண்டிருந்தாள். தங்கையா நல்ல கையால் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினார். அவ்வளவுதான். அவ்வளவேதான்.

அன்று மாலை கோரையைக் கேலி செய்யாதவர் யாரும் இல்லை. "ஞாயிற்றுக்கிழமை!" என்று அணில் கத்தும், மைனாக்கள் செத்தது போல மல்லாந்து விழும். கோரைக்குக் கேலியைவிடக் களைப்பே அதிகமாக இருந்தது. சந்தேகப்படுகிறவனுக்கு ஊர் தூங்கும்போதும் வேலை இருக்கிறது. இறக்கி வைக்க இடமில்லாத சுமை அது. சம்பு பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தது.

"ஒரே ஒரு வாய்" என்றது சம்பு. "எனக்காக."

மறுநாள் கோரை இறங்கிற்று. ஒரு குருணையை எடுத்தது. நன்றாக இருந்தது. இன்னொன்று எடுத்தது. நாற்காலியில் இருந்தவர், "புஷ்பம்... அது... அதுவும்!" என்று குரல் உடைந்து சொன்னார். புஷ்பம் ஓடி வந்து நின்று, தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அசையாமல் பார்த்தாள். கோரைக்கு அந்தப் பார்வையில் உடம்பு கூசினாலும், ஓடத் தோன்றவில்லை.

சில நாட்கள் அப்படி நன்றாகவே போயின.

ஒருநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் டங் டங் என்று கேட்டது. வீட்டுப் பக்கமிருந்து இல்லை. குளத்தின் மறுகரையில், நாணற் புதருக்குப் பின்னாலிருந்து.

"நாம் போவதற்குள் அவளே வந்துவிட்டாள்!" என்று அல்லி குதித்தது. கூட்டம் எழும்பியது. கோரையும் எழும்பியது. அன்றைக்கு அது அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அதே சத்தம். அதே குருணை. சம்புவும் இன்னும் சிலரும் முன்னால் இறங்கிவிட்டார்கள். கோரை இறங்கப் போகும்போதுதான் கவனித்தது: குருணை ஒரே இடத்தில் குவியலாகக் கிடந்தது. புஷ்பம் ஒருநாளும் குவித்துப் போட்டதில்லை. பின்னால் நிற்பவனுக்கும் எட்ட வேண்டும் என்று வீசித்தான் இறைப்பாள்.

"மேலே!" என்று கோரை அலறியது. "எல்லாரும் மேலே!"

சேற்றிலிருந்து வலை எழும்பி மூடியது. சம்பு ஒருமுறை சீழ்க்கை அடித்தது. புதருக்குள்ளிருந்து இரண்டு கைகள் வந்தன. அதன் பிறகு சம்புவின் குரல் கேட்கவில்லை.

தப்பியவை பூவரச மரத்தில் வந்து விழுந்தன. கோரை நேரே மண்ணில் இறங்கி, மூடியிருந்த புறவாசலைப் பார்த்துக் கத்தியது. "கொலைகாரி! வெளியே வா! கொழுக்க வைத்துக் கொன்றுவிட்டாயே!"

"வாயை அடக்கு" என்றது அணில், கீழே ஓடி வந்து. "காலையிலிருந்து அவள் இங்கேதான் இருக்கிறாள். அந்த மனிதருக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன்."

"தட்டுச் சத்தம் கேட்டதே!"

"தட்டு எல்லார் வீட்டிலும் இருக்கிறது" என்றது கீரி. அதன் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. "அவளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, கோரை."

"இல்லையா? தட்டுச் சத்தம் கேட்டால் ஓடி வர வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? மனிதக் கையைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று பழக்கியது யார்? நீயா? அணிலா?"

கீரி தலையைத் திருப்பிக்கொண்டு கல் இடுக்குக்குள் போனது.

புஷ்பம் வழக்கமான நேரத்தில் வந்து தட்டினாள். வந்தவை கொஞ்சம். மிச்சம் எங்கே என்று அண்ணாந்து தேடினாள். பிறகு தட்டைத் தொட்டித் திண்டில் வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்தங்கரையில் நடந்தாள். திரும்பி வந்தபோது நடை வேறாக இருந்தது. கோரை பூவரசக் கிளையில், ஜன்னலுக்கு மேலே இருந்தது.

"ஏங்க..." என்றாள் புஷ்பம். "அங்கன ஒருத்தன், சைக்கிள்ல தலைகீழாக் கட்டித் தொங்கவிட்டுட்டு நிக்கான். 'ஏம்ல இப்படிப் பண்ணுத'ன்னு கேட்டேன். அவன் சிரிக்கான். 'எக்கா, எல்லாம் ஒங்க புண்ணியம். முன்னயெல்லாம் நாள் முழுக்கச் சேத்துல கெடந்தாலும் ஒண்ணு மாட்டாது. இப்ப தட்டைத் தட்டுனாப் போதும், வீட்டுக்கோழி மாரி ஓடி வருது'ங்கான்."

தங்கையா ஜன்னல் வழியாகக் குளத்தைப் பார்த்தார்.

"வனத்துறைக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். வாறோம்னாவ."

"இவன் போனா..." தங்கையா வார்த்தையைத் தேடிப் பிடித்தார். "இன்னொருத்தன்... வருவான். தட்டு... எல்லாவன் கிட்டயும்... இருக்கு."

அன்று அந்த வீட்டில் அடுப்பு எரிந்த வாடை வரவில்லை.

மறுநாள் காலை டங் டங் என்று கேட்டது. வீட்டுப் பக்கமிருந்துதான். மிஞ்சியிருந்த சிறகிகள், பயத்தைவிடப் பசி பெரிதாக, வந்து இறங்கின. புஷ்பம் கையை வீசினாள். விழுந்தது குருணை இல்லை. மண்ணாங்கட்டி.

"போ! போங்க இங்கேருந்து! ச்சூ!"

கட்டிகள் சடசடவென்று விழுந்து உடைந்தன. நாற்காலியில் இருந்தவரும் மடியில் வைத்திருந்த கற்களை இடது கையால் எடுத்து எறிந்தார். அசையாத மனிதர் அசைந்ததைக் கண்டு மைனாக்கள் அலறின. அணில் தலைதெறிக்க மரமேறியது. கீரி வேலியைத் தாண்டி ஓடியே போய்விட்டது. சிறகிகள் ஒன்றின் மேல் ஒன்று மோதிக்கொண்டு எழும்பின. அல்லி மட்டும் பள்ளத்துச் சேற்றில் கால் புதைந்து எழும்ப முடியாமல் தவித்தது. புஷ்பம் ஒரு பெரிய கட்டியோடு அதன் நேர் எதிரே நின்றாள். இரண்டு எட்டு தூரம்தான். கண்ணை மூடிக்கொண்டு எறிந்தால்கூடத் தப்பாது. அவள் எறிந்தாள். கட்டி அல்லியைத் தாண்டிப் போய் வாழை மரத்தில் பட்டுத் தெறித்தது. அல்லி காலைப் பிடுங்கிக்கொண்டு பறந்தது.

மறுகரையில் கூட்டம் மூச்சு வாங்கியது.

"கோரை, நீ சொன்னதுதான் சரி" என்றது ஒன்று.

"ஆரம்பத்திலிருந்தே சொன்னாய். நாங்கள்தான் கேட்கவில்லை" என்றது இன்னொன்று. "பாவிகள். அவர்கள் சாயம் இன்றைக்கு வெளுத்துவிட்டது."

இந்த வார்த்தைகளைக் கேட்கத்தான் கோரை இத்தனை நாளும் ஏங்கியது. இப்போது அவை வாயில் சேறு மாதிரி இருந்தன. அதன் புத்திக்குள் பழைய கேள்வி மறுபடியும் தலைதூக்கியது. குருணையைச் சந்தேகப்பட்ட அதே புத்தி இப்போது கல்லைச் சந்தேகப்பட்டது. அவ்வளவு பக்கத்தில் நின்றும் எப்படித் தவறியது? எறிய வேண்டும் என்று நினைத்தவள் எதற்காகத் தட்டைத் தட்டினாள்? சத்தம் போடாமல் எறிந்திருந்தால் பட்டிருக்குமே?

இதற்குக் கீழே என்ன இருக்கிறது?

கோரை தனியாகப் பறந்து பூவரச மரத்தின் பின்பக்கம் இறங்கியது. புஷ்பம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். தட்டு கவிழ்ந்து கிடந்தது.

"ஒண்ணுக்கும்... படலயே?" என்று கேட்டார் தங்கையா.

"படல."

"பாத்தியா... நல்லா?"

"பாத்தேன். படல. எல்லாம் நல்லாப் பறந்து போச்சுவ."

அவர் காலியான முற்றத்தைப் பார்த்தார். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

"நாளைக்கும்... தட்டணும்" என்றார். "சத்தம் கேட்டாலே... ஓடணும். அதுவரைக்கும்."

"அதுக்கப்புறம் நீங்க எதைப் பாப்பிய?" என்று கேட்டாள் புஷ்பம்.

அவர் மடியில் மிஞ்சியிருந்த கற்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

கோரை இலைகளுக்குள் உட்கார்ந்தே இருந்தது. இறங்கிப் போய் அந்தக் கவிழ்ந்த தட்டின் பக்கத்தில் நிற்க வேண்டும் போலிருந்தது. நின்றிருந்தால் அவர்கள் அழுகை நின்றிருக்கும். ஆனால் நாளைக்கு இன்னொன்றும் இறங்கும்; அதற்கடுத்த நாள் கூட்டமே இறங்கும்; அப்புறம் ஒருநாள் நாணலுக்குப் பின்னால் தட்டுச் சத்தம் கேட்கும். கோரை ஓசை வராமல் எழும்பிப் போயிற்று. பார்த்ததையும் கேட்டதையும் கூட்டத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் தட்டுச் சத்தம் கேட்டது, கல் விழுந்தது. முதலில் சிறகிகள் வீட்டுக்கு மேலே வந்து பார்த்துவிட்டு ஓடினார்கள். பிறகு பாதி வழியில் திரும்பினார்கள். பிறகு, சத்தம் கேட்ட மாத்திரத்தில் எதிர்த்திசையில் எழும்பினார்கள். ஒரு காலை நாணற் புதருக்குப் பின்னாலிருந்து டங் டங் என்று கேட்டபோது, குளத்தில் ஒரு சிறகிகூட மிஞ்சவில்லை. வலைக்காரன் தட்டைத் தட்டித் தட்டிக் கை வலித்து, அதைச் சேற்றில் வீசிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான்.

அணில் மட்டும் சில நாள் கழித்துப் பூவரசுக்குத் திரும்பி வந்தது. "ஏன் திடீரென்று இப்படி ஆனார்கள்? உனக்காவது தெரியுமா?" என்று ஒருமுறை கோரையைப் பார்த்துக் கேட்டது.

"மனிதர்கள்" என்று மட்டும் சொன்னது கோரை.

மழை வந்தது. குளம் நிறைந்தது. அல்லி வளர்ந்து, கூட்டத்தின் முன்வரிசையில் பறக்கும் அளவுக்கு இறக்கை தேறியது. ஒருநாள் சாயங்காலம், மேய்ச்சலுக்குப் போகிற வழியில் கோரை கூட்டத்தைக் கொஞ்சம் சுற்றி நடத்தியது. ஏன் இந்தப் பக்கம் என்று அல்லி கேட்டதற்கு, காற்று இப்படி வாகாக இருக்கிறது என்றது.

கீழே அந்த வீடு வந்தது. பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. பின்கட்டில் நாற்காலி இருந்தது. சீழ்க்கைச் சத்தம் கேட்டு அதில் இருந்தவர் அண்ணாந்தார். உள்ளே பார்த்து என்னவோ கூப்பிட்டார். புஷ்பம் ஈரக் கையோடு ஓடி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கையா இடது கையை மெல்ல மெல்ல மேலே தூக்கினார். விரல்கள் விரிந்திருந்தன.

"கை தூக்குகிறான்!" என்று அலறியது அல்லி. "கல்!"

கூட்டம் சிதறி மேலே ஏறியது. கோரை ஒருமுறை கீழே பார்த்தது. அந்தக் கையில் ஒன்றும் இல்லை.

"ஆமாம், கல்தான்" என்றது கோரை. "நிற்காதே. இன்னும் மேலே பற."